மழைநீர் பைப் அடைப்பு எடுப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு முழுமையான வழிகாட்டி

மழைநீர் பைப் அடைத்துக்கொண்டால் பலரும் முதலில் செய்வது, மாடிக்குப் போய் நீளக் கம்பி ஒன்றை எடுத்து மேலிருந்து குத்துவது. சின்ன அடைப்பு பெரிய அடைப்பாக மாறுவது பெரும்பாலும் அப்படித்தான். வாயருகே கையால் அள்ளியிருக்கக்கூடிய இலைக் குப்பை, குத்தக் குத்த உள்ளே இறங்கி, அடி வளைவில் மண்ணோடு சேர்ந்து இறுகிவிடும். அப்புறம் பைப்பை அறுப்பதைத் தவிர வழியிருக்காது. ஆகவே இந்த வேலைக்கு நான் சொல்லும் முறை ஒன்றுதான்: தள்ளுவதற்கு முன் எடுக்கப் பாருங்கள், மேல்வாயில் கைக்கு எட்டாததை மேலிருந்து குத்தாமல், கீழ்வாயைத் திறந்து அங்கிருந்து எடுங்கள்.

இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 1000 சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் கொட்டினால் அந்த மாடியில் மட்டும் 4,650 லிட்டர் விழும். அது இறங்காமல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நின்றுவிட்டால் 9 டன்னுக்கு மேல் எடை. தளம் எடையைத் தாங்கிவிட்டாலும், தேங்கிய தண்ணீர் வெடிப்பு வழியாக உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கீழே சீலிங் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவோடு பார்த்தால் பைப்பைச் சுத்தம் செய்யும் செலவு ஒன்றுமே இல்லை.

நம் இரண்டு மாவட்டங்களிலும் சித்திரை, வைகாசியில் கோடை இடிமழை, பிறகு தென்மேற்குப் பருவம், அப்புறம் வடகிழக்குப் பருவம் என்று மழை பிரிந்து பெய்கிறது. செப்டம்பரும் அக்டோபரும்தான் கனமான மாதங்கள். ஆனால் அதற்கு வெளியேயும் வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் பெய்தது. இங்கே ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் கொட்டியது. அன்றைக்கு மாடித் தூம்பு, அதாவது தண்ணீர் பைப்புக்குள் இறங்கும் வாய், திறந்திருந்த வீடும் அடைத்திருந்த வீடும் ஒன்றாக இருந்திருக்க முடியாது.

எது அடைக்கிறது என்று முதலில் பாருங்கள்

அடைப்பு எதனால் என்று தெரிந்தால் எடுக்கும் வழியும் தெரிந்துவிடும். போச்சம்பள்ளி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் மாமரத்தடியில் இருக்கும் வீடுகளில் மாவிலைதான் முதல் எதிரி. தடித்த இலை, சீக்கிரம் மக்காது. இரண்டு மூன்று இலைகள் தூம்பு வாயை மூடும் சல்லடையான ஜாலியின் மேல் தட்டையாகப் படிந்தாலே வாய் மூடிக்கொள்ளும். நல்ல வேளையாக அது மேலேயே நிற்கும், கையால் எடுத்துவிடலாம். தை, மாசியில் உதிரும் மாம்பூ அப்படியல்ல. பொடிப்பொடியாக உள்ளே இறங்கி, தத்துப்பூச்சி விட்ட பிசுக்கோடு பைப்பின் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

வேப்ப இலையை விட அதன் ஈர்க்குதான் தொல்லை. இலை மக்கிய பிறகும் ஈர்க்கு மக்காமல் வளைவில் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும். பின்னால் வருவதெல்லாம் அதில் மாட்டும். புளிய இலை எந்தச் சல்லடையிலும் நிற்காது, நேராக அடிக்குப் போய்ச் சேறாகும். கல்குவாரி, கிரஷர், நெடுஞ்சாலை பக்கத்தில் இருக்கும் வீடுகளில் கல்தூள் இதனோடு சேர்ந்துவிட்டால் காய்ந்ததும் கெட்டியாகிவிடும். அதைக் குத்தி உடைக்க முடியாது, ஊறவைத்துத்தான் கரைக்க வேண்டும்.

மாடியில் கேழ்வரகும் கொள்ளும் கடலையும் காயவைக்கிறோம். சிந்திய தானியமும் உமியும் தூம்பு வாயில் சேர்ந்து, இரண்டு மழைக்குப் பிறகு முளைத்தே விடும். கேழ்வரகுப் பயிரின் சல்லிவேர் மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தீபாவளிக்கு வெடித்த காகிதம் இன்னொன்று. சரியாக ஐப்பசி மழைக்கு முன்னால் மாடியில் கிடந்து, நனைந்ததும் கூழாகி இறங்கும். வெயில் காலத்தில் காய்ந்து கிடக்கும் பைப்புக்குள் அணில் தேங்காய் நாரும் துணிக் கந்தலும் கொண்டுபோய்க் கூடு கட்டியிருக்கலாம். குட்டிகள் இருந்தால் சில வாரம் பொறுத்து, அவை வெளியேறிய பிறகு எடுங்கள். மழை நெருங்கிவிட்டது என்றால் கூட்டை அப்படியே எடுத்துப் பக்கத்து மரக்கிளையில் வைத்துவிடுங்கள்.

புது வீட்டில் முதல் மழைக்கே பைப் அடைத்தால் பெரும்பாலும் அது கட்டட வேலையின் மிச்சம்தான்: சாந்து, ஓடு பதித்தபோது கழுவி ஊற்றிய சிமெண்டுப் பால், மணல், கிழிந்த சிமெண்டுச் சாக்கு. சிமெண்ட் இறுகிய வளைவை எந்தக் கருவியாலும் சுத்தம் செய்ய முடியாது. அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது

இந்தப் பகுதிக்கு நேரம் கொடுங்கள். பாதி வேலை இதில்தான் முடிகிறது.

முதலில் மேல்வாய். ஜாலியைக் கழற்றி, கை எட்டும் வரை இருப்பதை அள்ளி வெளியே போடுங்கள். பாம்பு, தேள், குளவி இருக்கலாம், ஆகவே டார்ச் அடித்துப் பார்க்காமல் கையை விடாதீர்கள். அள்ளியதும் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். சரசரவென்று இறங்கி, கீழே அதே வேகத்தில் வெளியே வந்தால் வேலை முடிந்தது. நிறைய வீடுகளில் இங்கேயே முடிந்துவிடும்.

தண்ணீர் இறங்கி, மெதுவாக மேலேறி நின்றால் அடைப்பு உள்ளே இருக்கிறது. வெளியே தெரியும் பைப்பாக இருந்தால், கீழிருந்து மேலாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். காலியான பைப் கணீரென்று ஒலிக்கும். தண்ணீரோ மண்ணோ நிறைந்த இடத்தில் ஓசை மங்கிவிடும். தண்ணீர் நிற்கும் பகுதியைத் தொட்டால் மற்ற இடத்தை விடக் குளிர்ச்சியாகவும் இருக்கும். மங்கிய ஓசை எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதற்குச் சற்று மேலேதான் அடைப்பின் அடிப்பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். இணைப்பில் சொட்டுகிறதா என்றும் பாருங்கள், தண்ணீர் அதுவரை நிற்கிறது என்று அர்த்தம்.

அடி வளைவு, அதாவது பைப் சுவரோடு இறங்கி வெளியே திரும்பும் இடம், அடைப்புக்கு மிகவும் பிடித்த இடம். அதற்கு அடுத்தது, மேல்வாய்க்குக் கீழே கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியே வரும் வளைவு. நடுவில் நேராக இறங்கும் பகுதியில் அணில் கூடோ பந்தோ தவிர வேறு எதுவும் நிற்பது அரிது. ஆகவே சந்தேகம் இருந்தால் அடி வளைவிலிருந்தே தொடங்குங்கள்.

பைப் நேராக மழைநீர்த் தொட்டிக்கோ குழிக்கோ போனால் இன்னொரு சோதனையும் தேவை. தொட்டிக்கு முன்னால் இருக்கும் இணைப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். அங்கே நன்றாக வந்தால் பைப்பில் குறையில்லை. அடைப்பு வடிகட்டியிலோ மண்ணுக்குள் போகும் படுக்கைப் பைப்பிலோ இருக்கிறது. இதைப் பார்க்காமல் நாள் முழுவதும் மாடியில் நின்று குத்துகிறவர்கள் உண்டு.

தேவையான பொருள்கள்

தடித்த ரப்பர் கையுறை, டார்ச், இரண்டு பக்கெட், பழைய சாக்கு, மெல்லிய நைலான் கயிறு, கந்தல் துணி, கண்ணுக்குக் கண்ணாடி. நம்ம ஊரில் எளிதாகக் கிடைக்கும் ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள்: சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் 16 மில்லிமீட்டர் கருப்பு லேட்டரல் குழாய், துளை போடாதது. இரும்புக் கம்பியை விட இது நூறு மடங்கு நல்லது. வளைவில் வளைந்து போகும், பைப்பைக் கீறாது, தேவையானால் அதன் வழியாகவே தண்ணீரும் விடலாம். வீட்டு உயரத்தை விட இரண்டு மீட்டர் அதிகமாக வாங்கி, ஒரு முனையை மடித்துக் கட்டி உருட்டையாக்கிக்கொள்ளுங்கள். கூர் முனை இணைப்புகளில் மாட்டும்.

ஏணி வைக்கிறவர்கள் நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் மின்கம்பி எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு ஏணியைத் தூக்குங்கள், அலுமினிய ஏணி என்றால் இன்னும் கவனம். இடி இடிக்கும்போதும் பாசி பிடித்த மாடி ஈரமாக இருக்கும்போதும் இந்த வேலை வேண்டாம்.

மாடியில் ஏற்கெனவே தண்ணீர் தேங்கியிருந்தால்

முதலில் அதை இறக்க வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஓஸ் ஒன்றைத் தேங்கிய தண்ணீரில் முழுவதுமாக அமிழ்த்தி, உள்ளே காற்றே இல்லாமல் நிரப்புங்கள். ஒரு முனையைக் கட்டைவிரலால் மூடியபடி கைப்பிடிச் சுவருக்கு வெளியே கீழே இறக்கி விரலை எடுங்கள். மறுமுனை தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும், மேலே ஒரு செங்கல் வைத்தால் நகராது. ஓஸின் வெளிமுனை மாடித் தண்ணீரின் மட்டத்துக்குக் கீழே இருக்கும் வரை தானாகவே வடியும். வாயால் உறிஞ்ச வேண்டாம், பறவை எச்சம் கலந்த தண்ணீர் அது.

அடைப்பை எடுப்பது

கீழ்வாயில் தொடங்குங்கள். அடி வளைவு கழற்றும் வகையில் இருந்தால், பக்கவாட்டில் நின்றுகொண்டு மெதுவாகத் திருகி இழுங்கள். நேர் எதிரே நிற்காதீர்கள். 3 மீட்டர் உயரத்துக்கு நிறைந்த 4 இன்ச் பைப்பில் சுமார் 24 லிட்டர் அழுக்குத் தண்ணீர் நிற்கும், திறந்ததும் ஒரே அடியாக வரும்.

வளைவை எடுத்து அதற்குள் இருப்பதை அள்ளிக் கழுவுங்கள். அடுத்து லேட்டரல் குழாயின் உருட்டை முனையைக் கீழிருந்து மேலாக ஏற்றுங்கள். முட்டும் இடம் வந்ததும் இடிக்க வேண்டாம். குழாயை இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டே ஒரு சாண் மேலே, ஒரு சாண் கீழே என்று அசையுங்கள். குப்பை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, தன் எடையாலேயே கீழே விழும். கீழே சாக்கை விரித்து வைத்தால் எடுத்துப் போட வசதி. எருக்குழிக்கு நல்ல சரக்கு அது.

கல்தூளும் மண்ணும் இறுகியிருந்தால் இது போதாது. கீழ்வாயைச் சாக்குத் துணியால் தற்காலிகமாக அடைத்து, மேலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் ஊறவிடுங்கள். மறுநாள் காலையில் துணியை எடுத்துவிட்டு, மடிக்காத முனையுள்ள இன்னொரு லேட்டரல் குழாயைக் கீழிருந்து ஏற்றி, அதன் மறுமுனையை வீட்டுக் குழாயில் மாட்டித் தண்ணீர் விடுங்கள். முனையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் அடிப்பக்கத்திலிருந்து மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும். அவசரப்படாதீர்கள். கலங்கல் நின்று தெளிவாக வரும் வரை விடுங்கள்.

போர்வெல் மோட்டார் ஓஸைப் பைப் வாயில் இறுக்கிக் கட்டி முழு வேகத்தில் விடுவதும், கம்ப்ரஸர் காற்றை அடிப்பதும் கூடவே கூடாது. மழைநீர் பைப் அழுத்தம் தாங்கச் செய்ததல்ல. சுவருக்குள் எங்கேயாவது இணைப்பு விட்டுவிட்டால், அடைப்பு போனாலும் ஓதம் வந்து சேரும். ஆசிட், காஸ்டிக் சோடாவும் வேண்டாம். இலையையும் மண்ணையும் ஆசிட் கரைக்காது, ஆனால் கான்கிரீட்டை அரிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வை போகும். மழைநீரைத் தொட்டியில் பிடிக்கிற வீட்டில் அதை நினைத்தே பார்க்கக் கூடாது.

அடைப்பு விட்டதும் பைப்பின் சுவரில் ஒட்டியிருக்கும் வண்டலையும் எடுத்துவிடுங்கள். மேலிருந்து ஒரு சின்னப் போல்ட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, கீழே எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் நடுவில் கந்தல் துணியைப் பைப்பின் உள்ளளவுக்குச் சற்றுக் குறைவான பருமனில் இறுக்கிக் கட்டி, மேலே ஒருவர், கீழே ஒருவராக மாறி மாறி இழுங்கள். துணி எங்கே சிக்கினாலும் மறுபக்கம் இழுத்து எடுத்துவிடலாம் என்பதுதான் இதில் உள்ள வசதி.

அடி வளைவைக் கழற்ற முடியாமல் பசை போட்டு ஒட்டியிருந்தால், வளைவுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் ஆக்ஸா பிளேடால் நேராக அறுங்கள். திரும்ப மாட்டும்போது பசை போடாமல், ரப்பர் ரிங் உள்ள கப்ளர் போட்டுக் கிளாம்ப் அடித்துவிட்டால் அடுத்த முறை அறுக்க வேண்டியதில்லை. சாக்கெட் வாய், அதாவது பைப்பின் அகன்ற முனை, எப்போதும் மேல்நோக்கி இருக்க வேண்டும், மேல் பைப் அதற்குள் இறங்க வேண்டும். மாற்றி மாட்டினால் இணைப்பில் ஒழுகும்.

பழைய வீட்டில் சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் பைப் இருந்தால் அறுக்கவோ சுரண்டவோ வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. முழுப் பைப்பையும் நனைத்து, உடைக்காமல் இறக்கிவிட்டுப் புதுப் பிவிசி மாட்டுவதுதான் சரி. சுவருக்குள் புதைத்த பைப்பில் அரச மரமோ ஆலமரமோ வேர் விட்டிருந்தாலும் அதோடு போராட வேண்டாம். அந்த வழியை மேலேயும் கீழேயும் அடைத்துவிட்டு, வெளிச்சுவரில் புதுப் பைப் போடுங்கள். பார்க்க அழகில்லை என்று சிலர் தயங்குவார்கள். ஓதம் ஏறிய சுவரை விட அது எவ்வளவோ மேல்.

ஓட்டு வீடும் சீட் வீடும்

இங்கே பைப்பை விட, ஓரத்தில் மாட்டியிருக்கும் தகர வாய்க்காலில்தான் வேலை அதிகம். குப்பையைப் பைப் பக்கம் தள்ளாமல், பைப் வாயிலிருந்து எதிர்த்திசையில் அள்ளிக்கொண்டே போங்கள். வாயில் முதலிலேயே ஒரு துணியைச் செருகி வைத்தால் எதுவும் உள்ளே போகாது. இரண்டு கூரை சேரும் கூடல்வாயையும் பாருங்கள், அங்கே சேர்ந்த இலைதான் ஓட்டுக்கு அடியில் தண்ணீரை ஏற்றி வீட்டுக்குள் ஒழுக வைக்கிறது. வாய்க்கால் 10 அடிக்கு அரை இன்ச்சாவது பைப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நடுவில் தொய்ந்திருந்தால் கிளாம்பை மாற்றுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டின் மேல் ஏறவே ஏறாதீர்கள். பார்க்கக் கெட்டியாக இருக்கும், கால் வைத்ததும் உடைந்து உள்ளே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். ஏணியில் நின்றபடியே ஓரமாகச் செய்யுங்கள்.

தொட்டியும் வடிகட்டியும்

தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நம் பகுதியில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கூரையில் விழும் மழைநீரில் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே அதைக் கெடுக்காமல் தொட்டிக்குக் கொண்டுவருவது பெரிய விஷயம்.

அடைப்பு எடுக்கும் வேலை தொடங்கும் முன்பே தொட்டிக்குப் போகும் இணைப்பைப் பிரித்து, அழுக்குத் தண்ணீரை வெளியே விடுங்கள். வடிகட்டித் தொட்டியில் மேல் அடுக்கு மணலில் வண்டல் படிந்து பொருக்குக் கட்டியிருக்கும். மேலே இரண்டு இன்ச் மணலை வழித்தெடுத்து, கழுவியோ புதிதாகவோ போடுங்கள். கரியும் ஜல்லியும் நாறினால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். பருவத்தின் முதல் மழையை எப்போதும் வெளியே விட்டுவிடுங்கள். 1000 சதுர அடி மாடிக்கு முதல் 200 லிட்டர் போனால் தூசியும் எச்சமும் பெரும்பாலும் போய்விடும்.

சரிபார்ப்பது

ஒரு பக்கெட் ஊற்றிப் பார்த்துவிட்டு முடிந்தது என்று இறங்கிவிடாதீர்கள். பாதி அடைப்பு ஒரு பக்கெட்டை விட்டுவிடும், மழையை விடாது. கயிறு கட்டிய துணி உருண்டையால் மேல்வாயை மூடி, தூம்பைச் சுற்றி இரண்டு இன்ச் உயரத்துக்குத் தண்ணீர் தேக்குங்கள். கயிற்றை வெடுக்கென்று இழுங்கள். வாயில் சுழி விழுந்து, கீழே பைப் நிறைய வர வேண்டும், தேங்கியது தீர்ந்ததும் சட்டென்று நிற்க வேண்டும். மேலே தீர்ந்த பிறகும் கீழே நீண்ட நேரம் சிறு தாரையாக வந்துகொண்டிருந்தால் உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது.

மறுபடி அடைக்காமல் இருக்க

தட்டை ஜாலியை எடுத்துவிட்டுக் கூம்பு வடிவ ஸ்டீல் ஜாலி போடுங்கள். இலை அடியைச் சுற்றி நின்றாலும் மேல்பக்கம் தண்ணீர் போகும். கொசுவலை போன்ற நுண்ணிய வலை வேண்டாம், அது ஒரே மழையில் அடைத்துக்கொள்ளும். மாடிக்கு மேல் நீளும் கிளைகளை வெட்டிவிட்டால் இலையும் குறையும், அணிலும் வராது. தானியம் காயவைக்கும்போது தார்ப்பாய் விரித்து, வேலை முடிந்ததும் தூம்பு வரை பெருக்கிவிடுங்கள்.

ஆண்டுக்கு மூன்று முறை பார்த்தால் போதும். வேம்பு இலை கொட்டி முடிந்த பங்குனிக் கடைசியில், கோடை மழைக்கு முன்னால் ஒன்று. ஆடியில் ஒன்று. தீபாவளிக்கு மறுநாள் ஒன்று, அதைத் தவறவிடவே கூடாது.

கைப்பிடிச் சுவரில், தளத்துக்கு மூன்று இன்ச் உயரத்தில், அவசரத் தூம்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பைப் முழுக்க அடைத்தாலும் தண்ணீர் அதற்கு மேல் அதிகம் ஏறாது, அது வழியாகக் கொட்டுவதைப் பார்த்தே பைப் அடைத்திருப்பதும் தெரிந்துவிடும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் மேஸ்திரியிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: மழைநீர் பைப் சுவருக்குள் வேண்டாம், வெளியே வரட்டும். 1000 சதுர அடிக்கு ஒரே வாய் வேண்டாம், இரண்டாவது வேண்டும். ஒவ்வொரு பைப்பின் அடியிலும் மூடி கழற்றும் டோர் பெண்ட் வேண்டும். வேலை நடக்கும்போது எல்லாத் தூம்பு வாயையும் சாக்கு அடைத்து மூடி வைக்க வேண்டும். கடைசிக் கூலியைக் கணக்குத் தீர்ப்பதற்கு முன், மாடியில் தண்ணீர் தேக்கி ஒவ்வொரு பைப்பாக இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.